30 வருடங்கள் தாண்டியும் நிற்காத துடிப்பு... பழைய ஹாஸ்பிடல் சீரியல்களை ஏன் விட முடியவில்லை?

ராத்திரி பதினொன்றரை மணி. காலையில் ஆபீஸ் இருக்கிறது. 'இந்த ஒரு எபிசோடு மட்டும்' என்று தலையணையில் சாய்ந்தபடி போனைத் திறக்கிறீர்கள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு நாலு பேர் ஓடி வருகிறார்கள். ஒருவர் ஏதோ மருந்தின் அளவைக் கத்துகிறார். இன்னொருவர் சட்டையைக் கத்தரியால் கிழிக்கிறார். நமக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனாலும் போனைக் கீழே வைக்கும்போது மணி ஒன்று.

இத்தனைக்கும் நிஜத்தில் ஆஸ்பத்திரி என்றாலே நமக்கு ஆகாது. சொந்தக்காரரைப் பார்க்கப் போனால்கூட ஆரஞ்சுப் பழத்தையும் ஹார்லிக்ஸ் பாட்டிலையும் வைத்துவிட்டு, எப்போது கிளம்பலாம் என்று ஓரக்கண்ணால் மணி பார்க்கிற ஆட்கள்தான் நாம். அதே ஆஸ்பத்திரி திரையில் வந்தால் மட்டும் சீசன் சீசனாக உட்கார்ந்து பார்க்கிறோம். 'கிரேஸ் அனாடமி' 2005-ல் தொடங்கி 20 சீசன்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பிபிசி-யின் 'கேஷுவால்ட்டி' 1986-லிருந்து வருகிறது. நம் ஊரில்கூட 2024-ல் வந்த 'ஹார்ட் பீட்' வெப் சீரிஸ், பயிற்சி டாக்டர்கள் நாலைந்து பேரை வைத்து நூறு எபிசோடுகள் ஓட்டியது. அப்படி என்னதான் இருக்கிறது இந்த ஆஸ்பத்திரிக் கதைகளில்?

இதற்குப் பதில் தேட ஒரே ஒரு சீரியலைப் பிரித்துப் பார்த்தால் போதும். பெயர் 'இ.ஆர்'. எமர்ஜென்சி ரூம் என்பதன் சுருக்கம். நம் பாஷையில் 'கேஷுவாலிட்டி'.

இருபது வருடம் தூங்கிய ஸ்கிரிப்ட்

'ஜுராசிக் பார்க்' எழுதிய மைக்கேல் கிரைட்டன் அடிப்படையில் ஹார்வர்டில் படித்த டாக்டர். மருத்துவ மாணவராக பாஸ்டனில் தான் பார்த்த கேஷுவாலிட்டியை வைத்து 1974-ல் ஒரு சினிமா ஸ்கிரிப்ட் எழுதினார். யாரும் எடுக்க முன்வரவில்லை. காரணம் எளிது. அதில் நோயாளிகள் வருவார்கள், போவார்கள். யாருடைய கதையும் முழுதாகச் சொல்லப்படாது. டாக்டர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் பத்தி பத்தியாக மருந்துப் பெயர்களைக் கத்திக்கொண்டிருப்பார்கள். 'இதை யார் பார்ப்பார்கள்?' என்று கேட்டால் அன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை.

பல வருடங்கள் கழித்து ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் அந்த ஸ்கிரிப்டைப் படமாக எடுக்கப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு அப்படியே டைனோசர் பக்கம் திரும்பி, 'ஜுராசிக் பார்க்' முந்திக்கொண்டது. அந்தப் படம் ஜெயித்த பிறகு, பழைய ஸ்கிரிப்ட் தூசு தட்டப்பட்டு டிவி-க்கு வந்தது. பெரிய மாற்றமெல்லாம் இல்லை. டாக்டர் லூயிஸ் என்ற ஆண் பாத்திரத்தைப் பெண்ணாக்கினார்கள். டாக்டர் பென்டனாகக் கறுப்பின நடிகரைப் போட்டார்கள். நேரத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள். செட் போடப் பணமும் நேரமும் இல்லாததால், லாஸ் ஏஞ்சலீஸில் மூடிக்கிடந்த ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே முதல் எபிசோடை எடுத்தார்கள்.

1994 செப்டம்பரில் ஒளிபரப்பானது. 2009 ஏப்ரல் வரை 15 சீசன்கள், 331 எபிசோடுகள். நடுவில் 1998-ல், கையை விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக என்பிசி சேனல் ஒரு எபிசோடுக்கு 1.3 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. டிவி உலகம் அதுவரை கேள்விப்படாத தொகை அது. ஜார்ஜ் க்ளூனி என்ற, அதுவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத நடிகர் உலக ஸ்டார் ஆனதும் இதில்தான்.

கதவைத் திறந்தால் கதை

ஹாஸ்பிடல் சீரியலின் முதல் பலம், கதைக்காக யாரும் மெனக்கெட வேண்டியதில்லை என்பதுதான். ஒரு குடும்ப சீரியலில் புதிதாக ஒருவர் நுழைய வேண்டும் என்றால் காணாமல் போன அண்ணன், இரண்டாவது தாரம் என்று ஏதாவது பிடித்தாக வேண்டும். கேஷுவாலிட்டியில் அந்தப் பிரச்னையே இல்லை. கதவு திறக்கும். ஆள் வருவார். கத்திக்குத்து, காய்ச்சல், மூக்கில் பட்டாணியைப் போட்டுக்கொண்ட குழந்தை... யார் வேண்டுமானாலும்.

'இ.ஆர்' நடப்பது சிகாகோவில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில். அமெரிக்காவில் 1986-ல் ஒரு சட்டம் வந்தது. கையில் காசு இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று பார்த்து எமர்ஜென்சியிலிருந்து யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. பரிசோதித்து, உயிருக்கு ஆபத்தில்லாத நிலைக்குக் கொண்டுவந்தாக வேண்டும் என்பது அந்தச் சட்டம். விளைவு, வீடில்லாதவரும் வங்கி அதிகாரியும் ஒரே வராண்டாவில் காத்திருக்கிறார்கள். ஒரு நாட்டின் மொத்த பிரச்னையையும் ஒரு ஹாலுக்குள் உட்கார வைத்த மாதிரி. எழுத்தாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அடுத்தது, அந்த வேகம். கேமராவை உடம்போடு கட்டிக்கொண்டு டாக்டர்களின் பின்னாலேயே ஓடும் ஸ்டெடிகேம் ஷாட்கள். ஒரு கதவு வழியாக நுழைந்து, இரண்டு நோயாளிகளைக் கடந்து, மூன்றாவது அறையில் போய் நிற்கும்வரை கட் இருக்காது. இன்றைக்கு ரீல்ஸ் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கும் முப்பது வருடம் பழைய அந்தக் காட்சிகள் சலிப்பதில்லை.

புரியாத வார்த்தைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மருத்துவ வார்த்தைகள் நமக்குப் புரியாமல் இருப்பதுதான் வசதி. அவர்கள் சொல்வது புரியாவிட்டாலும், அவர்களுக்குப் புரிகிறது என்பது நமக்குத் தெரிகிறது. ஏதோ ஒரு நம்பரைச் சொன்னதும் நர்ஸின் முகம் மாறுகிறதா, அவ்வளவு போதும். 'ஆள் தேறமாட்டார்' என்று நாமே முடிவுக்கு வந்துவிடுவோம். நிஜ ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதில்லை.

டாக்டர் தோற்கும்போது

அதற்கு முந்தைய டிவி டாக்டர்கள் ஏறக்குறைய கடவுள்கள். 1960-களில் 'டாக்டர் கில்டேர்', 'பென் கேசி'. பிறகு 'மார்கஸ் வெல்பி'. வெல்பியாக நடித்த ராபர்ட் யங்குக்கு, வைத்திய ஆலோசனை கேட்டு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்தன. அவர் டாக்டர் இல்லை, நடிகர் என்று தெரிந்தும் எழுதினார்கள்! இந்த பிம்பத்தை முதலில் அசைத்தது 1972-ல் வந்த 'மேஷ்'. கொரியப் போர் முனையில் ஒரு கூடார ஆஸ்பத்திரி. காமெடி சீரியல்தான். ஆனால், ஆபரேஷன் அறைக் காட்சிகளில் மட்டும் பின்னணிச் சிரிப்பொலி போடக் கூடாது என்று அதை எடுத்தவர்கள் சேனலோடு சண்டை போட்டு வாங்கினார்கள். 1983-ல் அதன் கடைசி எபிசோடை அமெரிக்காவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள்.

'இ.ஆர்' அந்த இடத்திலிருந்து இன்னும் ஓர் அடி முன்னால் போனது. முதல் சீசனின் 19-வது எபிசோடு அதற்குச் சாட்சி.

நிறைமாத கர்ப்பிணி ஒருவர் கணவரோடு வருகிறார். அடிக்கடி சிறுநீர் போகிறது என்பதுதான் புகார். டாக்டர் மார்க் கிரீன், சீரியலிலேயே நல்லவர், பொறுமைசாலி. பரிசோதித்துவிட்டு, சாதாரண சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறார். கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வருகிறது. கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் வெளியேறும் ப்ரீஎக்ளாம்ப்சியா அது. முற்றிப்போய் வலிப்பில் வந்து நிற்கிறது. அதன்பிறகு கிரீன் எடுக்கிற ஒவ்வொரு முடிவும் இன்னொரு சிக்கலில் கொண்டுபோய் விடுகிறது. மகப்பேறு டாக்டர் வரத் தாமதமாகிறது. குழந்தையின் தோள் சிக்கிக்கொள்கிறது. கிரீனே வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்கிறார். குழந்தை பிழைக்கிறது. தாய் பிழைக்கவில்லை.

கதை அங்கேயும் நிற்காது. குழந்தையைக் கையில் வைத்திருக்கும் கணவரிடம் அவர் போய்ச் சொல்ல வேண்டும். அந்த உரையாடல் நமக்குக் கேட்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கும். பிறகு ரயிலில் தனியாக உட்கார்ந்து அழுகிறார். இந்த எபிசோடை எழுதிய லான்ஸ் ஜென்டில் நிஜத்தில் எமர்ஜென்சி டாக்டர். அதனால்தான் அந்தத் தவறு அவ்வளவு நம்பும்படி இருக்கிறது. குடிகார டாக்டரோ, காசுக்கு ஆசைப்பட்டவரோ செய்த தவறு இல்லை. களைத்துப்போன ஒரு நல்ல டாக்டரின் தவறு. எழுத்துக்கும் இயக்கத்துக்கும் எம்மி விருது கிடைத்தது.

கொஞ்சம் நின்று யோசித்தால், இதில் நமக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. கர்ப்பகாலத்தின் பின்பாதியில் விடாத தலைவலி, கண் மங்கலாவது, முகமும் கையும் திடீரென வீங்குவது, மேல் வயிற்றில் வலி... இதையெல்லாம் 'மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டில் சமாதானம் சொல்லி விட்டுவிடக் கூடாது. அன்றைக்கே பிரஷரும் சிறுநீரும் பார்த்தாக வேண்டும்.

ஜீனி புலே என்ற பாத்திரத்தையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். மருத்துவ உதவியாளரான அவருக்கு, கணவர் மூலம் எச்.ஐ.வி தொற்றியிருப்பது தெரியவருகிறது. இது 1996. அன்றைய டிவி-யில் எச்.ஐ.வி வந்த பாத்திரம் என்றால் சில எபிசோடுகளில் மெலிந்து, இருமி, செத்துப்போகும். ஜீனி சாகவில்லை. வேலையை விடவில்லை. கூட்டு மருந்துச் சிகிச்சை அப்போதுதான் வந்திருந்தது. அவர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு டியூட்டிக்கு வந்தார், மறுபடி கல்யாணம் செய்துகொண்டார், குழந்தையைத் தத்தெடுத்தார். 2008-ல் ஓர் எபிசோடில் உயிரோடு திரும்பியும் வந்தார். என்னைக் கேட்டால், 15 சீசன்களில் சீரியல் செய்த மிகப் பெரிய காரியம் அதுதான். க்ளூனியின் காதல் காட்சிகளெல்லாம் அப்புறம்.

திரையில் பிழைத்தவர்கள், நிஜத்தில்?

இப்போது கசப்பான பகுதிக்கு வரலாம்.

டாக்டர் ஓடி வருவார். மார்பில் பத்து தடவை அழுத்துவார். 'கமான்!' என்று கத்துவார். நோயாளி இருமிக்கொண்டே கண் திறப்பார். இந்தக் காட்சியை நாம் எத்தனை தடவை பார்த்திருப்போம்?

1996-ல் மூன்று அமெரிக்க டாக்டர்கள் இதை உட்கார்ந்து எண்ணினார்கள். 'இ.ஆர்', 'சிகாகோ ஹோப்', 'ரெஸ்க்யூ 911' ஆகிய மூன்று நிகழ்ச்சிகள், மொத்தம் 97 எபிசோடுகள். அவற்றில் 60 முறை சிபிஆர் கொடுக்கப்பட்டது. 75 சதவிகிதம் பேருக்கு இதயம் திரும்பத் துடித்தது. 67 சதவிகிதம் பேர் உயிரோடு வீடு திரும்பியதாகக் காட்டப்பட்டது. 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அந்த ஆய்வு வெளியானது. அந்தக் காலத்து மருத்துவ ஆய்வுகளின்படி, ஆஸ்பத்திரிக்குள்ளேயே இதயம் நின்றவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் பிழைத்தாலே அதிகம். இன்னொரு வித்தியாசமும் இருந்தது. டிவி-யில் இதயம் நின்றவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள், இளைஞர்கள். நிஜத்தில் பெரும்பாலும் வயதானவர்கள், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள்.

'டிவிதானே, அதில் என்ன?' என்று தோன்றும். ஐசியூ வாசலில் நிற்கும்போதுதான் 'என்ன' என்பது தெரியும். எண்பது வயது தாத்தா. பல உறுப்புகள் கைவிட்டுவிட்டன. 'இதயம் நின்னுட்டா சிபிஆர் கொடுக்கவா, வேண்டாமா? நீங்க கலந்து பேசிச் சொல்லுங்க' என்று டியூட்டி டாக்டர் கேட்கிறார். குடும்பத்தில் யாருக்கும் சிபிஆர் என்றால் என்னவென்று படித்த அனுபவம் இல்லை. பார்த்த அனுபவம் இருக்கிறது. எல்லாம் திரையில்! 'கொடுத்தா எழுந்துருவாரே, ஏன் கேக்குறாங்க?' என்றுதான் மனசு சொல்லும். வயதான மார்பில் சரியாக அழுத்தினால் விலா எலும்பு உடையலாம் என்பதோ, துடிப்பு திரும்பினாலும் மூளை திரும்பாமல் போகலாம் என்பதோ எந்த சீரியலிலும் அவ்வளவாக வராது. அந்த முடிவை எடுக்கிறவருக்கு உண்மையான கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. கணக்கைக் கேட்டுவிட்டு 'அப்ப எதுக்கு சிபிஆர்?' என்று விட்டுவிடக் கூடாது. ரோட்டிலோ, ஆபீஸிலோ ஒருவர் திடீரென விழுந்து, அசைவில்லாமல், மூச்சு சரியாக இல்லாமல் கிடந்தால், அங்கே நாம் கை வைப்பதுதான் அவருக்கிருக்கும் ஒரே வாய்ப்பு. 108-க்கு அடிக்கச் சொல்லிவிட்டு, நடு மார்பில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கை மடங்காமல், குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். நடிகர்கள் முழங்கையை மடக்கி மடக்கிச் செய்வார்கள். எதிரில் படுத்திருப்பவர் உயிரோடு இருக்கும் துணை நடிகர் இல்லையா, பாவம், வேறு வழியில்லை.

மானிட்டரில் நேர்க்கோடு ஓடும்போது ஷாக் கொடுக்கிற காட்சியும் அப்படித்தான். பல சீரியல்களில், சினிமாக்களில் வரும். நிஜத்தில் நேர்க்கோட்டுக்கு ஷாக் கொடுக்க மாட்டார்கள். தாறுமாறாக நடுங்கிக்கொண்டிருக்கும் இதயத்தை நிறுத்தி, ஒழுங்காகத் துடிக்க வைக்கத்தான் ஷாக். மொத்தமாக நின்றுபோனதற்கு மார்பு அழுத்தமும் அட்ரினலின் ஊசியும்தான். ஆனால், ஊசி போடுவதைவிட உடம்பு தூக்கிப்போடுவது கேமராவுக்கு அழகு.

சீரியல் பார்த்து உயிர் பிழைத்த கதையும் ஒன்று உண்டு. ஜெர்மனியின் மார்பர்க் நகரில் 55 வயதுக்காரர் ஒருவர் இதயம் பலவீனமாகி, பார்வையும் கேட்கும் திறனும் குறைந்து, காரணம் தெரியாமல் அலைந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்த பேராசிரியர், 'ஹவுஸ்' சீரியலை வைத்து மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறவர். அதே அறிகுறிகளோடு வந்த ஓர் எபிசோடு அவருக்கு ஞாபகம் வந்தது. செயற்கை இடுப்பு மூட்டிலிருந்து உலோகம் தேய்ந்து, கோபால்ட் ரத்தத்தில் கலந்திருந்தது. 2014-ல் 'லான்செட்' இதழிலேயே இது வெளியானது. மற்றபடி 'ஹவுஸ்' ஷெர்லாக் ஹோம்ஸ் கதைக்கு வெள்ளைக் கோட்டு மாட்டியது. ஒரு நோயாளிக்காக ஒரு டாக்டர் குழுவே வாரக்கணக்கில் உட்கார்ந்து யோசிப்பது, அவர் வீட்டுப் பூட்டை உடைத்துச் சோதனை போடுவது எல்லாம் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் நடக்கிறது?

ஹெலிகாப்டரும் பரிகாரமும்

நீண்ட நாள் ஓடும் சீரியலுக்கு ஒரு நோய் வரும். நோயாளிகள் போதாமல், டாக்டர்களுக்கே கெட்ட நேரம் ஆரம்பிக்கும். 'கிரேஸ் அனாடமி'யில் வெடிகுண்டு, படகு விபத்து, துப்பாக்கிச்சூடு, விமான விபத்து என எல்லாம் ஒரே ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கு. நம் ஊராக இருந்தால் மூன்றாவது சீசனிலேயே ஜோசியரைப் பார்த்துப் பரிகாரம் செய்திருப்பார்கள். 'இ.ஆர்' மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. டாக்டர் ரொமானோவின் கையை ஹெலிகாப்டர் வெட்டியது. அடுத்த வருடம் இன்னொரு ஹெலிகாப்டர் மேலிருந்து விழுந்து ஆளையே முடித்தது. ரசிகர்கள் அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இருந்தும் விட முடியாததற்குக் காரணம் ஜான் கார்ட்டர். முதல் எபிசோடில் எதுவும் தெரியாத மருத்துவ மாணவனாக உள்ளே நுழைகிறான். நாமும் அவனோடுதான் நுழைகிறோம். ரத்தம் பார்த்துத் தலைசுற்றி வெளியே போய் உட்காருகிறவனிடம், உணர்ச்சியைக் கழற்றி வைத்துவிடுகிற டாக்டர்களும் உண்டு, வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு, வைத்துக்கொண்டால் இப்படி அவ்வப்போது சங்கடப்படத்தான் வேண்டும் என்று கிரீன் சொல்வார். அந்தப் பையன் வளர்கிறான். ஆறாவது சீசனில் நோயாளி ஒருவரால் கத்தியால் குத்தப்படுகிறான். அவனோடு குத்துப்பட்ட மாணவி லூசி இறந்துவிடுகிறாள். வலி மாத்திரைக்கு அடிமையாகி, மறுவாழ்வு மையத்துக்குப் போய்த் திரும்புகிறான். கிரீன் மூளைக்கட்டியில் இறந்தபின் அந்த கேஷுவாலிட்டியைத் தாங்குகிறவன் அவன்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எல்லோரும் எல்லாம் தெரிந்த மாதிரி நடந்துகொள்ள, நமக்கு மட்டும் ஒன்றும் தெரியாமல் நின்ற அனுபவம் இருக்கிறவர்களுக்குக் கார்ட்டர் யார் என்று விளக்க வேண்டியதில்லை.

கார்ட்டராக நடித்த நோவா வைல், 2025 ஜனவரியில் தாடியில் நரையோடு மறுபடி எமர்ஜென்சிக்குள் நுழைந்தார். 'தி பிட்'. பிட்ஸ்பர்க் நகர ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு ஷிஃப்ட், 15 மணி நேரம், மணிக்கு ஓர் எபிசோடு. 'இ.ஆர்' தயாரித்த ஜான் வெல்ஸும் அந்தக் குழுவில் சிலரும் சேர்ந்து எடுத்தது. ஒற்றுமை அதிகம் என்று கிரைட்டன் குடும்பத் தரப்பு வழக்கே போட்டது. அது தனிக் கதை.

இதில் ஹெலிகாப்டர் விழவில்லை. மேலே வார்டில் படுக்கை இல்லாததால் கீழே நோயாளிகள் தேங்கிக் கிடக்கிறார்கள். காத்திருந்து பொறுமையிழந்த ஒருவர், சிகரெட் பிடிக்க வெளியே வந்த சீனியர் நர்ஸின் முகத்தில் குத்திவிட்டுப் போகிறார். கோவிட் காலத்தில் தன் குருவைச் சாகக் கொடுத்த டாக்டர் ராபி, அதே தேதியில் டியூட்டி பார்க்கிறார். ஒரு கட்டத்தில் தரையில் உட்கார்ந்து உடைந்துபோகிறார். கிரீன் அழுதது நோயாளிக்காக. முப்பது வருடம் கழித்து ராபி அழுவதில் தனக்காகவும் கொஞ்சம் இருக்கிறது. அந்த ஆண்டின் சிறந்த டிராமாவுக்கான எம்மி 'தி பிட்'டுக்கும், சிறந்த நடிகருக்கான எம்மி வைலுக்கும் போனது. இத்தனை வருடம் 'இ.ஆர்'-ல் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அவருக்குக் கிடைக்காத விருது அது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 331 எபிசோடுகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். முதல் எபிசோடு, பிறகு முதல் சீசன் முழுவதும். பிடித்திருந்தால் எட்டாவது சீசன் வரை, அதாவது கிரீன் இறக்கும்வரை போகலாம். அதற்குப் பிறகு வருவதில் பாதியைத் தாண்டிவிட்டாலும் குற்றமில்லை. அந்த 19-வது எபிசோடை மட்டும் ராத்திரி பதினொன்றரைக்குப் போடாதீர்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவரோடு உட்கார்ந்து பார்க்கவே வேண்டாம். பிரஷர் மட்டும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.